ஆல்காட்டின் நான்கு சகோதரிகள்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'லிட்டில் வுமன்' பார்க்கலாம் என்று முடிவு செய்தவுடன் அடுத்த கேள்வி வந்துவிடும்: எந்த 'லிட்டில் வுமன்'? லூயிசா மே ஆல்காட் எழுதிய இந்த அமெரிக்க நாவலை ஹாலிவுட் 1933, 1949, 1994, 2019 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் படமாக்கியிருக்கிறது. அதற்கு முன்பு 1917இலும் 1918இலும் வந்த மௌனப் படங்கள் இரண்டுமே தொலைந்துவிட்டன. 2017இல் பிபிசி மூன்று பகுதிகளாக ஒரு தொடர் எடுத்தது. ஜப்பானில் அனிமேஷன் தொடராகவும் வந்தது. 1987இல் தூர்தர்ஷனில் அமோல் பாலேகர் இயக்கிய 'கச்சி தூப்' இந்தித் தொடருக்கும் மூலம் இதே நாவல்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை தெரியாதவர்கள் 1994 படத்தில் தொடங்குங்கள். நாவலைப் படித்தவர்களும் ஆல்காட்டின் வாழ்க்கையில் ஆர்வம் உள்ளவர்களும் நேராக 2019 படத்துக்குப் போகலாம். 1933 படத்தைக் கேத்தரின் ஹெப்பர்னுக்காகப் பார்க்கலாம். 1949 படத்துக்கு அவசரமில்லை. இப்படி ஏன் சொல்கிறேன் என்று விளக்க கதையின் முடிவு வரைக்கும் பேசியாக வேண்டும். முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு 1994 படத்தைப் போட்டுவிடுங்கள்.

கதை சுருக்கமாக இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம், மாசசூசெட்ஸ் மாநிலம். அப்பா போர்முனையில் இருக்கிறார். அம்மா மார்மியும் நான்கு பெண்களும் வீட்டில். மூத்தவள் மெக், அடுத்து எழுத்துப் பைத்தியமான ஜோ, பியானோ வாசிக்கும் பெத், ஓவியராக ஆசைப்படும் கடைக்குட்டி ஏமி. பக்கத்து வீட்டுப் பணக்காரப் பையன் லாரி. ஜோவும் லாரியும் சேர்வார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். சேர மாட்டார்கள். லாரி கடைசியில் ஏமியை மணக்கிறான். ஜோ, பேயர் என்ற ஜெர்மானியப் பேராசிரியரை மணக்கிறாள்.

இந்தக் கடைசி வரியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஜோ என்பவள் ஏறக்குறைய ஆல்காட்டேதான். ஆனால் ஆல்காட் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அவர் பிறந்தது 1832 நவம்பர் 29, பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில். அப்பா பிரான்சன் ஆல்காட் பெரிய சிந்தனையாளர், ஆனால் சம்பாதிக்கத் தெரியாதவர். பாஸ்டனில் அவர் நடத்திய பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்ததும் மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், பள்ளி மூடப்பட்டது. 1843இல் 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்ற பண்ணையில் இலட்சிய சமூகம் ஒன்றை அமைக்கப் போனார்; அது ஏழெட்டு மாதங்கூடத் தாங்கவில்லை. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரில் எழுத்தாளர்கள் எமர்சனும் தோரோவும் அக்கம்பக்கத்தினர். பெரிய மனிதர்களின் நட்புக்குக் குறைவில்லை, வீட்டில் காசுதான் இல்லை. அம்மா அபிகெயில் வேலைக்குப் போனார். லூயிசா தையல் வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது, வீட்டு வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். அப்புறம் ஏ. எம். பார்னார்ட் என்ற புனைபெயரில் பழிவாங்கலும் சதியும் நிறைந்த பரபரப்புக் கதைகளை எழுதி விற்றார்.

1862 கடைசியில் வாஷிங்டனில் போர்க்கால மருத்துவமனைச் செவிலியாகப் போனார். சில வாரங்களிலேயே டைபாய்டு வந்து, பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். உடம்பு அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1867இல் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் பெண்பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் கேட்டார். விருப்பமில்லாமல்தான் ஆல்காட் ஆரம்பித்தார். 1868 மே முதல் ஜூலை வரை எழுதி முடித்த முதல் பாகம் அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்தது. சீக்கிரமே விற்றுத் தீர்ந்தது.

அடுத்து வாசகிகளின் கடிதங்கள் குவிந்தன. ஜோ யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள்? ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குக் கல்யாணம்தான் ஒரே இலக்கு என்பதுபோல் கேட்கிறார்களே என்று ஆல்காட் நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதினார். யாரையும் திருப்திப்படுத்துவதற்காக ஜோவை லாரிக்குக் கட்டிவைக்க மாட்டேன் என்றும் எழுதினார். ஜோ எழுத்தாளராகத் தனியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நெருக்கடி தாங்காமல், 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் நடுவயதுப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டுவந்து ஜோவுக்கு மணமுடித்து வைத்தார்.

ஆகவே இந்த நாவலைப் படமாக்கும் எவருக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எழுதியவருக்கே மனதில்லாத இந்தக் கல்யாணத்தை என்ன செய்வது? அதற்கு ஒவ்வொரு படமும் சொல்லும் பதிலை வைத்துத்தான் நான் அவற்றை எடைபோடுகிறேன்.

1933 படத்தை இயக்கியவர் ஜார்ஜ் குகோர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் வந்த படம். தங்கள் கிறிஸ்துமஸ் காலை உணவைப் பட்டினி கிடக்கும் ஹம்மல் குடும்பத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் சகோதரிகளை அன்றைய பார்வையாளர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்திருப்பார்கள். ஹெப்பர்னின் ஜோவிடம் ஒரு துள்ளல் இருக்கிறது. உட்காருவதில்கூட அடக்கம் கிடையாது, கைகால்கள் எங்கே போகின்றன என்ற கவலையே இல்லாத நடிப்பு. மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் படித்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் பாத்திரம் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் ஏமிக்கு இந்தப் படத்தில் வளர இடமே இல்லை. ஏமியாக நடித்த ஜோன் பென்னட் அப்போது கர்ப்பமாக இருந்ததால் உடைகளை மாற்றித் தைத்தார்களாம். பள்ளிக்கூடச் சிறுமியாக அவரை நம்புவது கஷ்டம். கல்யாணம் பற்றிப் படத்துக்குச் சந்தேகமே கிடையாது. பேராசிரியர் வந்தார், மழை பெய்தது, எல்லாம் சுபம்.

1949 படம் மெர்வின் லெராய் இயக்கியது, முழு டெக்னிகலர். அரங்க அமைப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. பார்த்தால் ஏன் என்று புரியும். அடித்தளம் பெரும்பாலும் 1933 திரைக்கதையேதான். ஜூன் அலிசன் 30 வயது தாண்டி ஜோவாக நடிக்கிறார். பொன்னிற விக் வைத்த எலிசபெத் டெய்லர்தான் ஏமி. பெத்தாக நடித்த மார்கரெட் ஓ'பிரையன் டெய்லரைவிடச் சிறியவர் என்பதால் கதையையே மாற்றிப் பெத்தைக் கடைக்குட்டி ஆக்கிவிட்டார்கள். இதனால் வருகிற நஷ்டம் சின்னதில்லை. ஏமி செய்யும் தவறுகளையெல்லாம் நாம் மன்னிப்பது அவள் வீட்டின் கடைசிப் பிள்ளை என்பதால்தானே? ஓ'பிரையன் மட்டும் தனித்து நிற்கிறார். பியானோ கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நன்றி சொல்லப் பெத் போகும் காட்சியில் அவருடைய கூச்சமும் தைரியமும் ஒரே முகத்தில் தெரியும். அந்தக் காட்சிக்காக ஒருநாள் பார்க்கலாம். வறுமை இந்தப் படத்தில் தெரிவதே இல்லை. ஆல்காட்டின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு அது பெரிய குறை.

அடுத்த பெரிய படம் வர 45 ஆண்டுகள் ஆயின. 1994இல் ஜில்லியன் ஆர்ம்ஸ்ட்ராங், ராபின் ஸ்விகோர்டின் திரைக்கதையில் எடுத்தார். இயக்கம், எழுத்து இரண்டும் பெண்கள் கையில். வினோனா ரைடர் ஜோ. அவருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கிறிஸ்டியன் பேல் லாரி. சூசன் சரண்டன் மார்மி.

இந்தப் படத்தை முதலில் பார்க்கச் சொல்வதற்கு முக்கியமான காரணம், இது கதையை நடந்த வரிசையிலேயே சொல்கிறது. பிள்ளைகள் வளர்வதை ஆண்டுக்கு ஆண்டு கூடவே இருந்து பார்க்கிறோம். ஏமிக்கு இரண்டு நடிகைகள். சின்ன ஏமி, கிர்ஸ்டன் டன்ஸ்ட். அக்காக்கள் நாடகத்துக்குக் கூட்டிப்போகவில்லை என்ற கோபத்தில் ஜோவின் கையெழுத்துப் பிரதியை நெருப்பில் போட்டுவிடுவாள். ஜோ பாய்ந்து வந்து அடிக்கப்போகும் அந்தக் காட்சியில் டன்ஸ்டின் முகத்தைப் பாருங்கள். செய்துவிட்ட காரியத்தின் பயமும், செய்தது சரிதான் என்ற பிடிவாதமும் ஒன்றாக இருக்கும். நிஜமாகவே சிறுமி என்பதால் அது எடுபடுகிறது. வளர்ந்த ஏமியாகச் சமந்தா மேதிஸ் வந்ததும் அந்தச் சூடு குறைந்துவிடுகிறது. லாரியோடு அவளுக்கு வரும் காதல் அவசரமாக நடந்துவிட்டதுபோல் தோன்றும். 1994 படத்தின் பலவீனம் இதுதான்.

ஆல்காட் குடும்பத்தின் நிஜ வாழ்க்கையையும் படம் அங்கங்கே உள்ளே கொண்டுவருகிறது. பள்ளி மூடப்பட்ட கதையை மெக்கின் வாயிலிருந்து கேட்கிறோம். உள்ளுணர்வையும் இயற்கையையும் நம்பிய பெற்றோரின் ஆழ்நிலைவாதக் கருத்துகளைப் பற்றி ஜோ பேராசிரியரிடம் பேசுகிறாள். மார்மி இடுப்பை இறுக்கும் உடைகளையும் பெண்கல்வியையும் பற்றிப் பேசுவது சிலருக்குப் பிரசங்கமாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிஜ அம்மா அபிகெயில் பாஸ்டனில் ஏழைகளுக்கு நடுவே வேலை செய்தவர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு மனுக் கொடுத்தவர். அவர் அப்படித்தான் பேசியிருப்பார்.

கல்யாணக் கேள்விக்கு 1994 படம் சொல்லும் பதில் நேர்மையானது: பேராசிரியரைக் காதலிக்கத் தகுந்தவராக ஆக்கிவிடு. கேப்ரியல் பைர்ன் அந்த வேலையை அருமையாகச் செய்கிறார். ஜோவின் பரபரப்புக் கதைகளைப் பற்றிப் பேயர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லும்போது அவளுக்கு வலிக்கிறது. ஆனால் அவளுடைய எழுத்தை மதித்துத்தான் அவர் அதைச் சொல்கிறார் என்பது நமக்குப் புரிகிறது. மழையில் குடைக்கு அடியில் அவர்கள் சேரும்போது, ஐயோ இவரைப் போய் என்ற எண்ணம் வருவதில்லை. நாவலின் முடிவை இவ்வளவு மனதார ஏற்கவைத்த படம் வேறில்லை.

பெத்தின் சாவும் இந்தப் படத்தில்தான் என்னை அதிகம் உலுக்கியது. கிளேர் டேன்ஸ் படுக்கையில் பேசும் அந்தச் சில நிமிடங்கள். பிறகு, வீட்டு வேலை செய்யும் ஹன்னா பெத்தின் பொம்மைகள்மேல் ரோஜா இதழ்களைத் தூவிவிட்டுப் போவாள். யாரும் பேசுவதில்லை. நிஜத்தில் லிஸ்ஸி என்கிற எலிசபெத் ஆல்காட் இறந்தது 1858 மார்ச்சில், 22 வயதில். நாவலின் வீடாக இன்று எல்லாரும் போய்ப் பார்க்கும் கான்கார்டின் 'ஆர்ச்சர்ட் ஹவுஸ்' வீட்டுக்குக் குடும்பம் குடிபோனது அதற்குப் பிறகுதான். லிஸ்ஸி அங்கே வாழவே இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து, அப்பா செய்துகொடுத்த அரைவட்ட மேசையில், தங்கைக்கு நாவலில் அங்கே ஓர் இடம் கொடுத்தார் லூயிசா.

இனி கிரெட்டா கெர்விக்கின் 2019 படம். 135 நிமிடம், ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள், ஆடை வடிவமைப்புக்கு ஒரு விருது. மாசசூசெட்ஸிலேயே, கான்கார்டிலும் படப்பிடிப்பு நடத்தினார்கள். சர்ஷா ரோனன் ஜோ, புளோரன்ஸ் பியூ ஏமி, திமத்தி ஷாலமே லாரி, மெரில் ஸ்ட்ரீப் பணக்கார அத்தை.

முதல் தடவையாகக் கதைக்குள் வருபவர்களை இந்தப் படம் சிரமப்படுத்தும். கதை நடுவில் தொடங்கி ஏழு ஆண்டு முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. சிறுவயதுக் காட்சிகளுக்கு மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான ஒளி, பிற்காலத்துக்கு நீலம் கலந்த குளிர்ந்த ஒளி. இந்தக் குறிப்பைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறையும். சகோதரிகள் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து பேசுகிறார்கள். திரைக்கதையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார் கெர்விக். சப்டைட்டில் போட்டும் ஒருசில வரிகள் தப்பிவிடும். பியூவே பள்ளிச் சிறுமியாகவும் நடிப்பதால் வகுப்பறைக் காட்சியில் அவர் பெரிய பெண்ணாகத்தான் தெரிகிறார். இங்கே டன்ஸ்டுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் கதை தெரிந்தவருக்கு இந்த முன்னும் பின்னுமான ஓட்டம் பெரிய பரிசு. சிறுவயதில் பெத் நோயிலிருந்து பிழைத்த காலையில் ஜோ மாடிப்படி இறங்கி வருவாள். சமையலறையில் அம்மாவோடு பெத் உட்கார்ந்திருப்பாள். ஏழு ஆண்டு கழித்து அதே படிகளில் அதே அவசரத்தோடு இறங்குவாள். அம்மா மட்டும் இருப்பார். சாவு நம் கண்முன் நடப்பதேயில்லை. முதல் காலையைப் பார்த்திருப்பதால் இரண்டாவது காலைக்கு வசனம் தேவைப்படவில்லை.

ஏமிக்கு நியாயம் செய்த முதல் படமும் இதுதான். கல்யாணம் ஒரு பெண்ணுக்குப் பொருளாதார ஏற்பாடு, சொத்தும் பிள்ளைகளும் கணவனுக்கே போய்விடும் என்று பாரிஸில் அவள் லாரிக்கு எடுத்துச் சொல்லும் காட்சிக்குப் பிறகு அவளைச் சுயநலக்காரத் தங்கையாக நினைக்க முடியாது. இருந்தால் மகத்தானவளாக இருப்பேன், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம் என்று ஏமி தூரிகையைக் கீழே வைப்பது நாவலிலேயே உண்டு. நிஜத்தில் அவளுக்கு மாதிரியாக இருந்த தங்கை மே ஆல்காட் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 'லிட்டில் வுமன்' முதல் பாகத்தின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்து, நன்றாக இல்லை என்று பேச்சு வாங்கியவர் அவர். அப்புறம் ஐரோப்பா போய்ப் பயின்று, 1877இல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அவருடைய ஓவியம் தேர்வானது. 1879 டிசம்பரில், பெண்குழந்தை பெற்றுச் சில வாரங்களில் இறந்துபோனார். அந்தக் குழந்தையை வளர்த்தது பெரியம்மா லூயிசாதான்.

கல்யாணக் கேள்விக்குக் கெர்விக் கொடுக்கும் பதிலுக்கு வருவோம். படத்தின் முதல் காட்சியிலேயே ஜோ, தோழியின் கதை என்று பொய் சொல்லித் தன் கதையைப் பதிப்பாளரிடம் நீட்டுகிறாள். விரல்களில் மைக்கறை. கதாநாயகி பெண் என்றால் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அல்லது அவள் சாக வேண்டும் என்கிறார் அவர். கடைசியில் அதே மனிதரோடு ஜோ பேரம் பேசுகிறாள். கதாநாயகிக்குக் கல்யாணம் வேண்டும் என்று அவர் கேட்க, சரி என்கிறாள். காப்புரிமையைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். குடைக்கு அடியில் பேராசிரியரோடு முத்தம் வருகிறது. அது நடந்ததா, புத்தகத்துக்காக எழுதப்பட்டதா? படம் வாய் திறந்து சொல்வதில்லை. அடுத்து அச்சகம். எழுத்துக் கோக்கிறார்கள், தாள்களைத் தைக்கிறார்கள், தோல் அட்டையில் தங்க எழுத்துப் பதிகிறது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று ஜோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறந்த குழந்தையைப் பார்க்கும் முகம் அது. 1869இல் ஆல்காட்டால் எழுத முடியாமல்போன முடிவை இந்தப் படம் அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் வரலாறு வேறு. காப்புரிமையை விற்றுவிடாதீர்கள் என்று ஆல்காட்டுக்கு யோசனை சொன்னவர் பதிப்பாளர் நைல்ஸேதான். அந்த நேர்மையைப் பிற்காலத்தில் ஆல்காட் நன்றியோடு குறித்துவைத்திருக்கிறார். குடும்பத்தின் கடன்கள் தீர்ந்ததும், மேயை ஐரோப்பாவுக்கு அனுப்பியதும், விதவையான அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் துணை நின்றதும் எல்லாம் காப்புரிமையால் வந்த பணத்தில்தான். சிறுவர்களுக்கு எழுதியதையெல்லாம் நீதிபோதனைக் கூழ் என்று அவரே சலித்துக்கொண்டதும் உண்டு. அந்தச் சலிப்பையும் சேர்த்துப் புரிந்துகொண்டு எடுத்தவர் கெர்விக் ஒருவர்தான்.

சரி, எதைப் பார்ப்பது? இரண்டு வார இறுதிகள் இருந்தால் 1994, அப்புறம் நாவல், அப்புறம் 2019. நடுவில் நாவலைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வாழ்க்கையில் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம் வருகிறது என்று மார்மி ஜோவிடம் ஒப்புக்கொள்வதை 2019 படத்தில் கேட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள் பலர். அது ஆல்காட் 1868இலேயே எழுதியது. ஒரே இரவுதான் இருக்கிறது, கூட இருப்பவர்களுக்கும் கதை தெரியாது என்றால் 1994. எழுதுகிற, வரைகிற, கல்யாணப் பேச்சு வீட்டில் ஆரம்பித்திருக்கிற இளம்பெண்ணுக்கு ஒரு படம் சொல்ல வேண்டுமென்றால் யோசிக்காமல் 2019. படங்களைவிடத் தொடர்கள் பிடிக்கும் என்பவர்களுக்கு பிபிசியின் மூன்று பகுதிகள் போதுமான அளவுக்கு நிதானமாகப் போகும்; அத்தையாக ஏஞ்சலா லான்ஸ்பரி வருகிறார். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பார்ப்பதானாலும் 1994தான். பெத்தின் கடைசிக் காட்சிகளின்போது மட்டும் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.